துணிவும் பணிவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இப்பூனா நகரத்துப் பாலேவாடி விளையாட்டரங்கில், அயல்நாட்டு வீரர்களும் நம் நாட்டு வீரர்களும் மண்மேடுகளுக்கு மேலே வண்டியோடு பறந்த காட்சியை நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் நேரிற் கண்டனர். அன்றுமுதல் வீடுகளில் இதே பேச்சு. பெற்றோர் என்னைக் கேட்பதோ வேறு: “இத்தனை துணிச்சல் பிள்ளையைச் செருக்கிலே கொண்டுபோய் விட்டுவிடாதா?” நல்ல கேள்வி. அதனையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அரங்கினுள் நடப்பது சூப்பர்கிராஸ். திறந்த நிலத்தில், இயற்கையான மேடுபள்ளங்களிடையே நடப்பது மோட்டோகிராஸ். பின்னதே மூத்தது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லியில் 1924ஆம் ஆண்டு நடந்த ஓட்டத்தை அதன் பிறப்பாகக் கொள்வர். 1957 முதல் அதற்கு உலகப் பட்டம் உண்டு. நாற்பது வீரர் வரை ஒரே வரிசையில் நிற்பர். தடுப்புக் கம்பி வீழ்ந்ததும் அத்தனை பேரும் ஒரே வளைவை நோக்கிப் பாய்வர். முப்பது நிமிடமும் அதன்மேல் இரண்டு சுற்றும் கொண்டது ஓர் ஓட்டம். உலகப் பட்டப் போட்டியில் ஒரே நாளில் அத்தகைய ஓட்டம் இரண்டு.

பாதையில் அடுத்தடுத்து இரண்டு மேடுகள் இருக்கும். முதல் மேட்டிலிருந்து எழும்பி, இரண்டாவது மேட்டையும் கடந்து, அதன் மறுபுறச் சரிவில் இறங்க வேண்டும். சரிவில் இறங்கினால் நிலம் வண்டியைத் தாங்கி வாங்கிக்கொள்ளும். பாதி மனத்தோடு ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியவனோ, இரண்டாவது மேட்டின் முகத்திலே மோதுகிறான். நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியும் அவனும் என்ன ஆவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்த ஒரு நொடியில் ஐயம் என்பது அடக்கமாகாது, ஆபத்தாகும். அங்கே துணிவுதான் பாதுகாப்பு.

ஆனால் அதே பாதை இன்னொன்றையும் கேட்கிறது. நாற்பது சக்கரத் தடங்கள் சுற்றுக்குச் சுற்று மண்ணை உழுதுகொண்டே போகின்றன. முதற்சுற்றில் நீங்கள் கண்ட வழி ஐந்தாம் சுற்றில் முழங்கால் ஆழப் பள்ளமாக இருக்கலாம். பத்தாம் சுற்றில் அவ்வழியே இல்லாமற் போகலாம். பெல்ஜியத்தில் லொம்மல் என்னும் ஊரின் மணற்பாதை இதற்குப் பேர்பெற்றது. “எனக்குத் தெரியும்” என்று கண்ணை மூடிச் செல்பவனை அம்மணல் விடாது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கற்கும் மனம் வேண்டும். பணிவு என்று நான் சொல்வது இதனைத்தான்; பேட்டியில் தலைகுனிந்து பேசுவதை அன்று.

இங்கே நம் வீட்டுக்குச் சற்றுத் திரும்புவோம். அயலூரில் பிழைக்க வந்த நாம், “வம்பு வேண்டாம், அடங்கியிரு” என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். விடை தெரிந்தும் வகுப்பில் கையுயர்த்தாத பிள்ளையை “அடக்கமான பிள்ளை” என்று மெச்சுகிறோம். அது அடக்கமா, ஒடுக்கமா? அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஊக்கமுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். நாம் முன்னதை மட்டும் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

அமெரிக்க வீரர் ரிக்கி கார்மைக்கேலைப் பாருங்கள். சிறிய வண்டிப் பிரிவில் முடிசூடியவர் அவர். 1999இல் பெரிய வண்டிக்கு மாறியதும் சூப்பர்கிராஸ் பருவம் வீழ்வதும் எழுவதுமாகக் கழிந்தது. அப்போது அப்பிரிவின் தனிப்பெரு மன்னர் ஜெரமி மெக்ராத். ஏழு பட்டங்கள் பெற்றவர். கார்மைக்கேல் வாயால் வெல்ல முயலவில்லை. ஆல்டன் பேக்கர் என்னும் தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளரிடம் தம் உடலை ஒப்படைத்தார்; மிதிவண்டியும் ஓட்டமும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டார். 2001இல் பதினாறு பந்தயங்களுள் பதினான்கை வென்று மெக்ராத்திடமிருந்து பட்டத்தைப் பெற்றார். திறந்தவெளிப் பருவத்தில் 2002இலும் 2004இலும் இருபத்துநான்கு ஓட்டங்களில் இருபத்துநான்கையும் வென்றார்! பிறர் சொற்படி உழைக்க இசைந்தவருக்கே அத்துணிவு வந்தது.

எனினும், பயிற்சி ஒன்றே போதும் என்று நான் அடித்துச் சொல்ல ஒருவர் விடமாட்டார். பெல்ஜியத்து ஜோயல் ராபர்ட் பயிற்சியைக் கண்டாலே ஓடுபவர். சிரிப்பும் குறும்புமாகவே வாழ்ந்தவர். ஆறு உலகப் பட்டங்கள் பெற்றார். அவருடைய நாட்டவரும் சுஸுகி அணித் தோழருமான ரோஜர் டி காஸ்டர் உடற்பயிற்சியையே தவமாகக் கொண்டவர்; ஐந்து பட்டங்கள் பெற்றார். கணக்கு நமக்கு ஒத்துவரவில்லை! இயற்கை சிலருக்கு வாரி வழங்கிவிடுகிறது, என் செய்வது?

இந்த டி காஸ்டரே 1981இல் அமெரிக்க அணியின் மேலாளராக, நாடுகளுக்கிடையிலான போட்டிக்கு நான்கு இளைஞர்களை அழைத்துச் சென்றார். முன்னணி வீரர் பலர் வராத நிலையில், நால்வரும் ஒரே நிறுவனத்து வண்டியோட்டிகள். இவர்களா வெல்வது என்று ஐரோப்பாவில் எள்ளினர். லொம்மல் மணலிலும், அடுத்து ஜெர்மனியின் பீல்ஸ்டைனிலும் அவர்களே வென்றனர். 1993 வரை பதின்மூன்று ஆண்டுகள் அவ்வெற்றி தொடர்ந்தது. அதே அமெரிக்கா 2018இல் தன் சொந்த மண்ணில், மிச்சிகன் மாநிலத்து ரெட்பட்டில், ஆறாவது இடத்துக்கு இறங்கிற்று.

இறுதியாக, நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ். தம் திறமையை மறைத்துப் பேசும் வழக்கமில்லாதவர். செருக்கர் என்றே பலர் சொன்னார்கள். 2014இல் பட்டம் ஏறத்தாழக் கைக்கு வந்துவிட்ட நிலையில், அறப்பணிக்காக நடந்த ஒரு தோழமைப் பந்தயத்தில் வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தது. நான்கே புள்ளியில் பட்டம் ஜோர்டி டிக்சியேவிடம் சென்றது. அதனைச் செருக்கின் தண்டனை என்று நான் சொல்லமாட்டேன்; நற்செயலுக்குச் சென்ற இடத்தில் நேர்ந்தது அது. மண்ணுக்கு ஆள் பார்க்கத் தெரியாது, அவ்வளவே.

2017இல் அவர் பெரிய வண்டிப் பிரிவுக்கு ஏறினார். பருவம் தொடங்குமுன்னரே கையெலும்பு முறிந்தது. அங்கே சிசிலித் தீவினரான அன்டோனியோ கைரோலி, என்றும் மாறாத புன்முறுவலோடு, தம் ஒன்பதாவது உலகப் பட்டத்தை வென்றார், ஹெர்லிங்ஸ் இரண்டாமவர். மறு ஆண்டு இடையில் காறையெலும்பு முறிந்து ஒரு சுற்றை இழந்தபோதிலும், ஹெர்லிங்ஸ் கலந்துகொண்ட பத்தொன்பது சுற்றுகளுள் பதினேழில் முதலிடம் பெற்றார். எஞ்சிய இரண்டிலும் இரண்டாமிடம். பட்டம் அவருக்கு, இரண்டாமவர் கைரோலி. ஒருவர் உரக்கப் பேசுபவர், ஒருவர் மென்மையாகப் பேசுபவர். இரட்டை மேட்டின் முன்னே இருவரில் எவரும் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியதில்லை.

இளைஞர்களே, இனியொரு முறை இப்பந்தயத்தைக் காண வாய்ப்புக் கிடைத்தால், சற்று முன்னதாகவே செல்லுங்கள். ஓட்டம் தொடங்குமுன் வீரர்கள் வண்டியின்றி, வெறுங்காலாளாகப் பாதை முழுவதையும் நடந்து பார்ப்பர். உலகப் பட்டம் பெற்றவரும் நடப்பார். அவ்வாண்டுதான் சேர்ந்த சிறுவனும் நடப்பான். இரட்டை மேட்டின் அருகே நின்று, குனிந்து, காலால் மண்ணை அழுத்திப் பார்ப்பர். மறுபுறச் சரிவுக்கு எத்தனை அடி என்று கண்ணால் அளப்பர். அப்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.