நீரின் தூய்மையும் பொன்னின் நிறமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறிவியலும் நம் மக்களும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்தனர். நான் வரலாறு பயின்றவன். ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குகின்றேன்.

1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், மகாராட்டிரத்தின் மகாடு நகரில், சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகினார். உடன்வந்த மக்களும் பருகினர். சாதி இந்துக்களோ குளம் தீட்டுப்பட்டதென்று கூறி, சடங்குகள் செய்து அதனைத் ‘தூய்மை’ ஆக்கினர். நீரில் கலந்த அழுக்கு யாது, அஃது எவ்வளவு என்று எவரும் ஆராயவில்லை. தொட்டவர் யார் என்றே பார்த்தனர். நீரின் தூய்மையைப் பிறப்பைக்கொண்டு அளந்த நாடு இது.

தூய்மையை அளக்க வேறோர் அளவுகோல் உண்டு. அதனைச் செம்மை செய்தவருள் ஒருவர், நம் பழவேற்காட்டிற்குத் தெற்கே, சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றும் பேராசிரியர் டி. பிரதீப். கேரளத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியர்களின் மகனாகப் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்தவர். 1993ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஆய்வு நடத்தி வருகின்றார். 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர் ஆராயும் பொருள் நானோ துகள்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். பொன்னைப் பத்து இருபது நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக நீரில் ஆக்கினால், அந்நீர் மஞ்சளாக இராது. மாதுளைச் சாறுபோல் சிவந்து தோன்றும். துகளில் உள்ள மின்னணுக்கள் ஒளியோடு சேர்ந்து அசைந்து, பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. எஞ்சிய சிவப்பே நம் கண்ணுக்கு வருகின்றது. இந்தச் செந்நீரை 1857ஆம் ஆண்டில் ஆராய்ந்து, நிறத்திற்குக் காரணம் பொன்னின் நுண்மையே என்று உரைத்தவர் மைக்கேல் ஃபாரடே. அவர் கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கல்லூரி வாயிலை மிதியாதவர்.

பிரதீப்பின் ஆய்வுக்குழு இந்தச் செந்நீரில் எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிக்கொல்லியைச் சேர்த்தபொழுது, துகள்கள் ஒன்றோடொன்று கூடிச் சிவப்பு நீலமாக மாறிற்று. கண்ணுக்குப் புலப்படாத நஞ்சை நிறம் காட்டிக் கொடுத்தது. மேலும், வெள்ளித் துகள்கள் சில பூச்சிக்கொல்லிகளைப் பற்றிச் சிதைப்பதும் தெளிவாயிற்று. இவ்வாய்விலிருந்து பிறந்த நீர் வடிகட்டி 2007ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.

தாய்மார்களே, இனி நான் கூறுவது உங்களுக்கானது. 2013ஆம் ஆண்டில் இக்குழு, மின்சாரமின்றி நீரைத் தூய்மைப்படுத்தும் மணல்போன்ற குருணை ஒன்றை வெளியிட்டது. அதிலுள்ள வெள்ளித் துகள்கள் மிகச் சிறிய அளவில் வெள்ளியைத் தொடர்ந்து நீரில் விட்டு, நோய்க் கிருமிகளைக் கொல்கின்றன. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவாகும் என்பது அவர்கள் கணக்கு. அக்குருணையைப் பிணைத்து நிற்கும் பொருள்களுள் ஒன்று கைட்டோசான். அஃது எதிலிருந்து கிடைக்கின்றது தெரியுமா? இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து! பாடு முறையில் பங்கின்றி, இடுப்பளவு நீரில் நின்று, கையால் தடவிப் பிடித்துப் பறியில் இட்டு நீங்கள் கொண்டுவரும் இறாலின் ஓடு. உரித்துக் குப்பையில் எறியும் அதே ஓடு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இக்குருணை நீரின் உப்பை நீக்காது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கமெல்லாம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்டது. நம் கரிக்கும் கிணறுகளுக்கு வேறு வழி காண வேண்டும். அதைக் காண்பவர் நம் பிள்ளைகளாக ஏன் இருத்தல் கூடாது?

இவ்விடத்தில் என் தவறு ஒன்றை அவையறியச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன். சில ஆண்டுகளுக்குமுன், பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி, மேல்நிலையில் இயற்பியலும் வேதியியலும் படிக்க விரும்பினாள். “நம் வீட்டுப் பிள்ளைக்கு அது கடினம் அம்மா, எளிய பிரிவில் சேர்ந்துகொள்” என்றேன். பரிவினால் சொன்னதாகவே அன்று எண்ணினேன். ஆராயாமல் பிறப்பைக்கொண்டு அளந்தேன் என்று பின்னரே உணர்ந்தேன். குளத்தைச் சடங்கால் கழுவியவர்களுக்கும் எனக்கும் அந்த ஒரு கணத்தில் வேற்றுமை இல்லை.

ஆகவே கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கின்றோம். இனி ஒரு நுண்ணோக்கியும், நீரைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்றும் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு கிணற்று நீரையும் பிள்ளைகளே சோதித்து எழுதி வைக்கட்டும். அறிவியல் பிரிவில் சேரும் பிள்ளைக்குப் புத்தகமும் பேருந்துச் செலவும் கழகம் ஏற்கட்டும்.

அண்ணல் அன்று குளத்தில் இறங்கியது நீர் பருகும் உரிமைக்காக. அந்நீர் தூயதா என்று ஆராய்ந்து சொல்லும் அறிவும் நம் உரிமையே. அதனைப் பெறுவோம்.