உப்பு வயலும் உயர் படிப்பும்



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையிலே, நிந்தவூரையும் ஒலுவிலையும் கடந்தால் பாலமுனை வரும். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வட்டைகள். ஒரே வீட்டிலே அண்ணன் தோணியோடு கடலுக்குப் போவதும், தம்பி வட்டையிலே வேளாண்மை செய்வதும் அங்கே புதுமையான காட்சியன்று. அத்தகைய வீடொன்றிலே ஒரு பெண், உயிரியல் பயின்று விஞ்ஞானமாணிப் பட்டத்துடன் வந்திருக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். மேலே உயிர்த்தொழினுட்பத்திலே முதுமாணிப் படிப்பை மேற்கொள்ள வேண்டுமென்பது அவள் ஆசை. வாப்பா கேட்கின்றார்: “இன்னும் ரெண்டு வருஷமா, மகள்? டீச்சர் வேலை கிடைச்சாப் போதாதா? இதப் படிச்சி நமக்கு என்ன வரப்போகுது?”

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்துக்குக் கடன்பட வேண்டிய குடும்பத்துக்கு இரண்டு வருடம் என்பது சிறிய காலமன்று. அந்தத் தந்தைக்கு நேர்மையாக விடை கூற முடியுமா என்று பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உயிர்த்தொழினுட்பம் என்னும் பெயர் புதிது; தொழில் பழையது. பாலிலே உறை ஊற்றி எருமைத் தயிராக்கும் நம்மூர்ப் பெண்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வேலை வாங்கியவர்களே. ஹங்கேரி நாட்டுப் பொறியியலாளரான காரொய் எரெக்கி என்பார் 1919ஆம் ஆண்டில் இத்துறைக்கு இன்றைய பெயரை வழங்கினார். 1953இல் டீ.என்.ஏ. மூலக்கூற்றின் அமைப்பு வெளிப்பட்டது. 1973இல் ஓர் உயிரின் பரம்பரையலகை மற்றோர் உயிரினுள் இணைக்கும் முறை கைவந்தது. அதன் பின்னர் பத்தாண்டு நிறைவதற்கு முன்பே, 1982இல், பற்றீரியாவைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அதுவரை இன்சுலின் பன்றியினதும் மாட்டினதும் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. நம்மவர் சீனி வருத்தம் என்று வழங்கும் நீரிழிவு நோயாளர் ஒருவரேனும் இல்லாத தெரு நம்மிடையே அரிது. ஆகவே, இந்த விஞ்ஞானம் நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து வெகு காலமாயிற்று.

2020ஆம் ஆண்டிலே கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது, பீ.சீ.ஆர். என்ற மூன்றெழுத்து சிறுவர் வாயிலும் புழங்கியது. மிகச் சிறிதளவான டீ.என்.ஏ.யைப் பல கோடியாகப் பெருக்கிக் காட்டும் முறை அது. 1983இல் அதனைக் கண்ட கெரி முல்லிஸ் என்னும் அமெரிக்கர் 1993இல் நோபல் பரிசு பெற்றார். நோய்க்காலத்திலே நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் சிலவும் அப்பரிசோதனைக்குக் கைகொடுத்தன. அன்று அக்குழாய்களின் முன் நின்றவர்களிலே பட்டப்பின் மாணவர்களும் இருந்தனர். ஒரு நாடு இத்தகைய கைகளைப் பயிற்றி வைத்திருப்பதன் பயன் இடர்வந்த வேளையிலேதான் வெளிப்படுகின்றது.

இனி, பாலமுனை வாப்பாவின் வட்டைக்கு வருவோம். கரையோர வயல்களின் நெடுநாட்பகை உப்பு. மழை குறைந்து, ஆற்றுநீர் தாழ்ந்து, உவர்நீர் உள்ளேறும் காலத்திலே நெற்பயிரின் இலை நுனி முதலிலே காய்கின்றது. பிறகு பயிர் குன்றுகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த கடற்கோள் இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. மனிதரைக் கொண்டுபோன அந்நீர், கிணறுகளிலும் வயல்களிலும் உப்பை விட்டுச் சென்றது.

உப்பைத் தாங்கும் நெல் உண்டா? உண்டு. கேரளக் கரையின் உவர்நிலங்களிலே தலைமுறை தலைமுறையாக விளைந்துவரும் பொக்காளி என்னும் நெல் அத்தகையது. அதனை நம் உழவர் நன்கறிந்த பீ.ஜீ. 94-1 நெல்லோடு கலந்து, அம்பலாந்தோட்டை ஆய்வு நிலையத்தார் உருவாக்கியதே ஏ.ரீ. 354 என்னும் இனம். அந்த எண்ணிலும் செய்தி இருக்கின்றது: முதலிரு இலக்கங்களாகிய 35 என்பது மூன்றரை மாதத்து நெல் என்பதைக் குறிக்கும். இவ்வேலை பழைய கலப்பு முறையிலே நடந்தது. பல நூறு செடிகளை உப்புநீரிலே வளர்த்து, பிழைத்தவற்றைப் பொறுக்கி, மீண்டும் விதைத்துச் சலித்தெடுத்தார்கள்.

பொக்காளியின் முதலாம் நிறமூர்த்தத்திலே உப்பைத் தாங்கும் ஆற்றலோடு தொடர்புடைய ஒரு பகுதி இருப்பதை ஆய்வாளர் பின்னர் கண்டறிந்து, அதற்குச் சோல்ற்றோல் என்று பெயரிட்டனர். இளம் நாற்றின் உடலிலே சோடியம் மிகாமல், பொட்டாசியத்தோடு அளவொத்து நிற்க உதவுவது அப்பகுதி. அது கலப்புச் செடியிலே வந்து சேர்ந்துள்ளதா என்பதை அறிய இப்பொழுது செடியை உப்பிலே வாட்ட வேண்டியதில்லை. நகத்தளவு இலைத்துண்டு போதும். அதிலிருந்து டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, பீ.சீ.ஆர். கருவியிலிட்டுச் சூடாக்கியும் தணித்தும் முப்பது சுற்று நடத்தினால், கணக்கின்படி ஒரு பிரதி நூறு கோடிக்கு மேலாகும். பின்பு அதனை மென்களித் தகட்டிலே இட்டு மின்னோட்டம் செலுத்த, துண்டுகள் தத்தம் நீளத்துக்கேற்ப ஓடி வரிகளாக நிற்கும். பொக்காளியின் வரிக்கு நேரே நம் செடியின் வரியும் நின்றால், அச்செடியை வைத்துக்கொள்ளலாம். இதனை மரபணு மாற்றுப் பயிர் என்று மயங்குதல் கூடாது. இங்கே நெல்லோடு நெல்தான் கலக்கின்றது. தெரிவு செய்யும் கண் மட்டுமே புதியது.

இவ்வேலையைப் பாடநூலிலே படிப்பது இளமாணி மாணவனின் நிலை. தானே செய்து, பிழைபட்டு, பிழையின் காரணத்தைக் கண்டு, மீண்டும் செய்வது முதுமாணி மாணவனின் நிலை. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பீ.சீ.ஆர். செய்யும்போது மாதிரிகளோடு ஒரு குழாயிலே டீ.என்.ஏ.யை இடாமல் வெறும் நீரை மட்டும் இடுவது வழக்கம். அக்குழாயிலிருந்து வரி எதுவும் தோன்றலாகாது. தோன்றினால், எங்கோ மாசு கலந்திருக்கின்றது; மற்றைக் குழாய்களிலே எத்துணை அழகிய வரிகள் தோன்றினும் அவற்றை நம்ப இயலாது. மூன்று மாத உழைப்பு அந்த ஒரு குழாயினாலே வீணாகலாம். அந்நேரம் ஆய்வுகூடத்திலே மாணவி தனியே இருக்கின்றாள். நீர்க்குழாயின் வரியை மறைத்து ஏனையவற்றை மட்டும் மேற்பார்வையாளரிடம் காட்டினால் ஒருவரும் உடனே அறியப்போவதில்லை. அவள் காட்டுகின்றாளா, மறைக்கின்றாளா? பட்டப்பின் படிப்பின் உண்மையான பரீட்சை இதுவே என்பது என் கருத்து. மறைத்த வரி ஒருநாள் உழவனின் வயலிலே பயிராகப் பொய்க்கும்.

மற்றொரு செய்தியையும் இவ்விடத்திலே கூற வேண்டும். உலக நெல்லாய்வாளர் தேடிப் பெற்றுக்கொண்ட குணங்களிற் சில, நம் முன்னோரின் விதைக் குதிர்களிலே இருந்தவை. அறக்கொட்டியைத் தாங்கும் பரம்பரையலகைத் தந்த ரத்து ஹீனட்டி இலங்கை நெல். வெள்ளத்திலே மூழ்கியும் பிழைக்கவல்ல நெற்களைச் சர்வதேச ஆய்வாளர் பொறுக்கியெடுத்தபோது, குர்க்கறுப்பன் என்ற பெயருடைய இலங்கை நெல்லும் அவற்றுள் ஒன்றாயிற்று. அப்பெயரின் தமிழோசை கேட்டாலே விளங்கும். இத்தகைய பழைய இனங்களின் விதைகளைப் பேணுவதற்காகக் கன்னொருவையிலே தாவரப் பரம்பரை வள நிலையம் 1988ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. எனவே, வட்டையிலே பிறந்த பிள்ளை இத்துறைக்கு வெறுங்கையோடு செல்வதாக எண்ண வேண்டியதில்லை. எந்த வாய்க்காலோரத்திலே உப்பு முதலில் ஏறுகின்றது, எந்த நெல் அங்கே தாக்குப்பிடித்தது என்பன வாப்பாவுக்குத் தெரியும். ஆய்வுக்கு வேண்டிய முதற்செல்வம் அந்த அறிவே.

எங்கே படிப்பது? பாலமுனையின் அயலூரான ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலே உள்ளது. முதற்பட்டத்தை வீட்டுச் சோற்றை உண்டுகொண்டே பெற்றுவிடலாம். பட்டப்பின் படிப்புக்கோ பெரும்பாலும் வெளியே செல்ல நேரும். பேராதனையிலே 1975இல் அமைந்த விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும், 1996இல் அமைந்த விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் உள்ளன. கொழும்புப் பல்கலைக்கழகத்திலே உயிர் இரசாயனம், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்பம் ஆகியவற்றுக்கென ஒரு நிறுவகம் உண்டு. கடல் கடந்தால், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இந்தியாவிலே உயிர்த்தொழினுட்பப் பட்டப்பின் கல்வியை முதன்முதல் தொடங்கிய சிலவற்றுள் ஒன்று. சென்னையிலே அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழினுட்ப மையம் 1987இல் எழுந்தது. அந்நகரின் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், உவர்நீரிலே வளரும் கண்டல் இனத் தாவரமொன்றின் பரம்பரையலகை நெல்லிலே சேர்த்து ஆராய்ந்தனர். அந்த நெல் உழவர் வயலுக்கு வந்துவிடவில்லை. ஆயினும், நம்முடைய கேள்வியே அங்கும் கேட்கப்பட்டது என்பதை நாம் அறிதல் நன்று.

முதுமாணிப் படிப்பு இருவகைப்படும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விரிவுரையை முதன்மையாகக் கொண்ட ஓராண்டுப் படிப்பு ஒன்று. அதன்மேல் ஆய்வும் ஆய்வேடும் சேர்ந்த ஈராண்டுப் படிப்பு மற்றொன்று. பதவி உயர்வுக்காகச் சான்றிதழை வேண்டுவோருக்கு முன்னது போதும். ஆய்வாளராக விரும்புவோர் பின்னதையே நாட வேண்டும். கட்டணம் உண்டு, விடுதிச் செலவு உண்டு. அம்பாறை, மகியங்கனை வழியாக மலையேறும் பேருந்துப் பயணமும் உண்டு. மகளைத் தனியே அனுப்பும் உம்மாவின் கவலை அந்தக் கணக்கிலே எழுதப்படாத செலவு. மேற்பார்வையாளருக்கு ஆய்வு மானியம் இருந்தால் அதிலிருந்து மாணவருக்கு மாதப்படி கிடைப்பதுண்டு. தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற அமைப்புகளும் ஆய்வுக்கு உதவுகின்றன. ஆகவே, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பது பிழை. எவர் மேற்பார்வை செய்வார், அவரிடம் மானியம் உண்டா, கருவிகள் பழுதின்றி இயங்குகின்றனவா என்ற மூன்றையும் முன்னரே கேட்டறிய வேண்டும். கேட்பதிலே வெட்கம் எதுவுமில்லை.

தொழில் வாய்ப்பைப் பற்றி இனிக்கப் பேசி ஏமாற்ற நான் விரும்பவில்லை. உயிர்த்தொழினுட்பத்தை நம்பி நடக்கும் பெருந்தொழிற்சாலைகள் நம் நாட்டிலே மிகச் சில. ஆய்வு நிலையங்கள், பல்கலைக்கழகங்கள், மருத்துவ ஆய்வுகூடங்கள், வாழைக்கன்றுகளை இழைய வளர்ப்பு முறையிலே ஆக்கும் நிலையங்கள், இறால், மீன் வளர்ப்புத் துறை, உணவுத் தரப் பரிசோதனை ஆகிய இடங்களிலே வேலை உண்டு. ஆயின் கையிலே பட்டத்தோடு வந்தவர் யாவருக்கும் போதிய அளவிலே இல்லை. வெளிநாடு சென்று அங்கேயே தங்கிவிடுவோரும் பலர். வேறு வழி காணாமையால் முதுமாணி படிக்கச் செல்பவருக்கு, இரண்டு வருடம் கழித்தும் அதே நிலை காத்திருக்கக்கூடும்.

அப்படியானால் யார் போக வேண்டும்? ஒரு கேள்வி மனத்தை விட்டு நீங்காமல் அலைக்கழிப்பவர் போக வேண்டும். சோல்ற்றோல் என்ற அந்தப் பகுதி நாற்றுப் பருவத்திலே காப்பது. நெல் பூக்கும் பருவத்திலே உப்பு ஏறினால் பயிரைக் காப்பது எது? இது இன்னும் முழுமையாக விடை காணப்படாத வினா. கரையோர உழவருக்கு இது ஏட்டு வினாவன்று. கதிர் பதராவதைக் கண்டவர்கள் அவர்கள். இரண்டு வருடத்திலே ஒரு மாணவி புதிய நெல்லினத்தை உருவாக்கிவிட மாட்டாள். ஓர் இனம் வயலை அடையப் பல ஆண்டுகளும் பலருடைய கைகளும் வேண்டும். அவள் செய்யக்கூடியது அச்சங்கிலியிலே பழுதற்ற ஒரு கண்ணியை அமைப்பது.

வாப்பாவின் கேள்விக்கு அவள் கூறத்தக்க விடையும் அதுவே என்று நினைக்கின்றேன். “வேலை உறுதி என்று சொல்ல ஏலாது, வாப்பா. ஆனா, நம்மட வட்டையில உப்பு ஏறுற வயல நீங்க எனக்குக் காட்டணும். அந்த மண்ணுல ஒரு பிடியும், அங்க பிழைச்ச நெல்லுல ஒரு கதிரும் எடுத்துக்கிட்டுத்தான் நான் போவன்.” இவ்வாறு சொல்லக்கூடிய பிள்ளையை, செலவைக் கணக்கிட்டுக்கொண்டே, அனுப்பலாம். சொல்ல ஏதுமில்லாத பிள்ளையிடம், ஓராண்டு பொறுத்து, ஆசிரியப் பணியிலோ ஆய்வுகூடப் பணியிலோ இருந்து, கேள்வி தோன்றிய பிறகு போகுமாறு அன்போடு சொல்லலாம். காலந்தாழ்த்திச் சென்றோரை எந்தப் பல்கலைக்கழகமும் வாசலிலே நிறுத்துவதில்லை.