மருத்துவக் கல்வியும் நம் மாணவர்களும்

 

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், மருத்துவக் கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்துள்ளீர்கள். நாம் மருத்துவர் அல்லோம்; அரசுப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர். எனினும் இரண்டு காரணங்களால் இப்பொருளை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டோம். எக்கல்வியாயினும் அதில் கற்பிப்போர் கடமை என ஒன்று உண்டு; அதனை நாம் அறிவோம் என்பது ஒன்று. மருத்துவக் கல்வியின் நன்மை தீமைகள் வேறெவரையும்விட நம் மக்களையே மிகுதியாகத் தாக்குகின்றன என்பது மற்றொன்று.

இரண்டாவது காரணத்தைச் சற்று விளக்குவோம். மருத்துவ மாணவன் முதலாண்டில் உடற்கூற்றியல் கற்பது எதைக் கொண்டு? உரிமை கோருவாரின்றி அரசு மருத்துவமனையில் இறந்துபட்ட ஏழையின் உடலைக் கொண்டே நெடுங்காலம் கற்று வந்தான். பின்னர் அவன் ஊசி குத்தவும், தையலிடவும், மகப்பேறு பார்க்கவும் பழகுமிடம் எது? அரசு மருத்துவமனையின் பொது வார்டு. அங்கே கட்டிலிலும், கட்டில் கிடைக்காதபோது தரையில் விரித்த பாயிலும் படுத்திருப்போர் யாவர்? வயற்கூலிகள், கட்டடத் தொழிலாளர், தூய்மைப் பணியாளர், அவர்தம் மனைவி மக்கள். ஆகவே, ஏழை மக்களின் உடலையே பாடநூலாகக் கொண்டு நடைபெறுவது மருத்துவக் கல்வி. அக்கல்வி செம்மையாக நடைபெறாவிடின் அதன் தீங்கு முதலில் வந்து சேருமிடம் நம் சேரியே.

இன்று அக்கட்டிலின் அருகே ஸ்டெதாஸ்கோப்புடன் நிற்கும் நிலைக்கு நம் பிள்ளைகளும் வந்துள்ளனர். மருத்துவம் நம் மக்களுக்குப் புதியதன்று. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவராய் விளங்கியவர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் மருத்துவக் கல்லூரியின் வாயில் நமக்கு எளிதில் திறந்ததில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 1 விழுக்காடும் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020ஆம் ஆண்டு நிறைவேறியது. முதலாண்டிலேயே அரசுப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 400 பேர் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெற்றனர்.

இடம் கிடைத்தது, மகிழ்ந்தோம், மாலை சூட்டினோம். நிற்க. உள்ளே சென்ற பிள்ளைக்கு அங்கே எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்று நம்மில் எத்துணைப் பேர் கேட்டோம்? அதுவே இன்று நாம் சிந்தித்தற்குரிய பொருள்.

சீர்திருத்தம் தந்த பாடம்

மருத்துவக் கல்வியின் வரலாற்றில் அபிரகாம் பிளெக்ஸ்னர் என்பாரின் பெயர் மறக்கவொண்ணாதது. அவரும் மருத்துவர் அல்லர். இளங்கலைப் பட்டம் பெற்று, அமெரிக்க நாட்டின் லூயிவில் நகரில் பள்ளி நடத்தியவர். கார்னகி அறக்கட்டளையின் வேண்டுகோளின்படி அவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளையும் ஆராய்ந்து 1910ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். பல பள்ளிகள் கட்டணம் வாங்குவதற்கென்றே நடந்தன, ஆய்வுக்கூடம் இல்லை, பயிற்சிக்கு மருத்துவமனை இல்லை, மாணவர் விரிவுரையைக் கேட்டு எழுதிக்கொண்டே பட்டம் பெற்றனர். இவற்றையெல்லாம் அவர் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். நாடே விழித்துக்கொண்டது. தரமற்ற பள்ளிகள் பல மூடப்பட்டன. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகத்தோடும் மருத்துவமனையோடும் இணைந்தது.

இது நன்மையே. ஆனால் இந்நன்மைக்கு விலை கொடுத்தோர் எவர்? அந்நாளில் கறுப்பின மக்களுக்கென 7 மருத்துவப் பள்ளிகள் இருந்தன. ஹோவர்டு, மெகாரி என்னும் இரண்டு மட்டுமே நிலைத்தற்குரியன என்றார் பிளெக்ஸ்னர். ஏனைய ஐந்தும் 1923ஆம் ஆண்டிற்குள் மறைந்தன. கறுப்பின மருத்துவர் தம் இனத்தார்க்குச் சுகாதாரம் போதித்து வந்தால் போதும் என்னும் போக்கிலேயே அவ்வறிக்கையின் அப்பகுதி அமைந்துள்ளது. அவ்வைந்து பள்ளிகளும் தொடர்ந்து நடந்திருப்பின் 35,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் உருவாகியிருப்பர் என்று 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை தெளிவானது. மருத்துவக் கல்வியின் தரம் உயர்தல் வேண்டும். அதில் நமக்கு மாறுபட்ட கருத்தில்லை. நோயாளியாய்ப் படுத்திருப்பவர் நம்மவராதலின், தரத்தை நம்மைவிட விரும்புவோர் யாருமிலர். ஆனால், இல்லாதவனை வெளியேற்றி வாயிலை அடைப்பதால் தரம் உயர்ந்துவிடாது. அவனிடம் இல்லாததை வழங்கி உயர்த்துவதே கல்வி. இவ்வளவுகோலைக் கையில் கொண்டு, இன்றைய மருத்துவப் பயிற்சியில் செம்மையுற வேண்டியவை மூன்றினை எண்ணிப் பார்ப்போம்.

கட்டிலருகே கற்பித்தல்

மருத்துவம் நூலினால் மட்டும் வருவதன்று. 1893ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் வில்லியம் ஆஸ்லர் என்னும் பேராசிரியர், மாணவர்களை விரிவுரை மண்டபத்திலிருந்து வார்டுக்கு அழைத்துச் சென்றார். நோயாளியைக் கேட்டும், தொட்டும், நாள்தோறும் கண்டும் கற்கச் செய்தார். பட்டம் பெற்றபின் மருத்துவமனையிலேயே தங்கி, மூத்தோரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகப் பொறுப்பேற்கும் முதுநிலைப் பயிற்சி முறையும் அங்கேதான் உருப்பெற்றது.

இன்று நம் கல்லூரிகளில் ரவுண்ட்ஸ் நடைபெறும்போது ஒரு கட்டிலைச் சுற்றி மாணவர் கூட்டம் நெருங்கி நிற்கிறது. முன்வரிசையில் நிற்பவனுக்கு எல்லாம் கேட்கும். பின்வரிசையில் நிற்பவனுக்குப் பேராசிரியரின் தலைமயிரே தெரியும். தந்தையும் தாயும் மருத்துவராயிருக்கும் வீட்டுப் பிள்ளை கூச்சமின்றி முன்னே செல்கிறான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்த பிள்ளை, ஆங்கிலத்தில் கேள்வி வருமோ என்று அஞ்சிப் பின்னே ஒதுங்குகிறான். இதனை அறிவுக் குறைவு என்று கொள்ளுதல் தவறு. பின்னே நிற்பவனைப் பெயர் சொல்லி முன்னே அழைத்து, நோயாளியின் வயிற்றில் அவன் கையை வைத்துப் பார்க்கச் செய்வது ஆசிரியரின் கடமை.

2019ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு மருத்துவப் படிப்பில் புதிய பாடத்திட்டம் புகுத்தப்பட்டது. தொடக்கத்தில் அறிமுகப் பயிற்சி, முதலாண்டிலேயே நோயாளிகளைக் காணும் வாய்ப்பு, பொம்மையின்மீது பழகும் திறன் பயிற்சிக் கூடம், நோயாளியிடம் பேசும் முறையும் அறநெறியும் பற்றிய பாடம் ஆகியவை அதில் இடம்பெற்றன. இவை தாளில் இருந்தால் போதா. வார்டில் நடைமுறைக்கு வரல் வேண்டும். ஒரு செயலை மனித உடலில் செய்யுமுன் பொம்மையில் பலமுறை பழகிவிட்டால், முதல் குத்தலின் வலியை ஓர் ஏழைத் தாய் தாங்க வேண்டுவதில்லை.

ஈண்டு நம் பிள்ளைகளுக்கு ஒன்று கூறுவோம். உங்களிடம் ஒரு செல்வம் உண்டு. வார்டில் படுத்திருக்கும் மூதாட்டி ‘நெஞ்சைக் கரிக்குது’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘மூச்சு முட்டுது’ என்று கூறும்போது, அவள் சொல்வது இன்னதென உங்களுக்கு உடனே விளங்கும். நோயாளியின் சொல்லை அறிதல் நோயை அறிதலின் முதற்படி. ஆங்கிலத்தைப் பயின்று பெறலாம். அம்மூதாட்டியின் மொழியோ உங்கள் வீட்டிலேயே உள்ளது.

தேர்வில் நடுநிலை

இரண்டாவது, தேர்வு. எழுத்துத் தேர்வில் எண்ணைப் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். வைவாவில் முகத்தைப் பார்த்து இடுகிறார்கள். ஒருவனுக்கு எளிய கேள்வி, மற்றொருவனுக்கு அரிய கேள்வி என அமையவும் அங்கு இடமுண்டு.

புதுதில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர் நடத்தப்படும் விதம் பற்றி ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2006ஆம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. 2007இல் அக்குழு அளித்த அறிக்கையில், ஆசிரியரிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று இம்மாணவருள் 69 விழுக்காட்டினர் கூறியதாகக் காண்கிறோம். விடுதியில் ஒதுக்கல், வாய்மொழித் தேர்வில் வேறுபாடு ஆகியவையும் அதில் பதிவாகியுள்ளன.

இதற்கு மருந்து உண்டு. 1975ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்டு ஹார்டன் என்பார் ஒரு தேர்வுமுறையை வகுத்து வெளியிட்டார். பல நிலையங்கள் அமைக்கப்படும். ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு நிலையத்திலும் அதே வேலையை அதே கால அளவில் செய்தல் வேண்டும். எதைச் செய்தால் எவ்வளவு மதிப்பெண் என்பது முன்கூட்டியே பட்டியலிடப்பட்டிருக்கும். தந்தையின் தொழிலைக் கேட்க அங்கு இடமில்லை, செய்கையே பேசும். இம்முறை நம் நாட்டிலும் வந்துள்ளது. எல்லாக் கல்லூரிகளிலும் இது முறையாகப் பின்பற்றப்படல் வேண்டும் என்பது நம் கோரிக்கை.

இலண்டன் கிங்ஸ் கல்லூரி 2001ஆம் ஆண்டு மற்றொரு வழியைக் காட்டியது. ஏழைப் பகுதிகளின் அரசுப் பள்ளிகளில் படித்த மாணவர்களைச் சற்றுக் குறைந்த மதிப்பெண்ணுடன் சேர்த்துக்கொண்டு, தொடக்கப் பாடங்களைக் கூடுதல் காலம் எடுத்துக் கற்பித்தது. ஆனால் தேர்வு அனைவர்க்கும் ஒன்றே. மிகப் பெரும்பாலோர் தேறி மருத்துவராயினர். தேர்வை எளிதாக்க வேண்டுவதில்லை. கற்றற்குக் காலமும் துணையும் தந்தால் போதும் என்பதற்கு இதுவே சான்று.

ஓய்வும் மதிப்பும்

மூன்றாவது, முதுநிலை மாணவரின் வேலைச்சுமை. 1984ஆம் ஆண்டு நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் ஒருவர் காய்ச்சலுடன் சேர்க்கப்பட்டுச் சில மணி நேரத்தில் உயிர் நீத்தார். மூத்த மருத்துவர் நேரில் பாராத நிலையில், நெடுநேரம் தொடர்ந்து டூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்களின் பொறுப்பில் அவர் இருந்தார். தந்தை நீதி கேட்டுப் போராடினார். அதன் விளைவாக 1989இல் அம்மாநிலத்திலும், 2003இல் அந்நாடு முழுவதிலும், வாரத்திற்கு 80 மணி நேரம் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது.

நம் நாட்டிலோ, தொடர்ந்து 12 மணி நேரத்திற்கு மேலும் வாரத்தில் 48 மணி நேரத்திற்கு மேலும் பணி இருத்தலாகாது என நடுவண் அரசின் நெறிமுறை 1992ஆம் ஆண்டிலேயே கூறியது. நடைமுறை அதற்கு வெகுதொலைவில் உள்ளது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74 மணி நேரத்தை எல்லையாகப் பரிந்துரைத்ததிலிருந்தே நிலைமை விளங்கும். உறங்காத கண்ணும் நடுங்கும் கையும் நோயாளிக்கு நன்மை செய்யா.

களைப்பினும் கொடியது அவமதிப்பு. 2019ஆம் ஆண்டு மும்பையில் பழங்குடியைச் சேர்ந்த முதுநிலை மாணவி ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவியர் சாதியைச் சுட்டி இழிவுபடுத்தினர் என்ற குற்றச்சாட்டு எழுந்து வழக்காயிற்று. இத்துணை உயரம் ஏறிய ஒரு பெண்ணை இழப்பது ஒரு வீட்டின் இழப்பன்று. ஒரு தலைமுறையின் இழப்பு.

கழகம் செய்ய வேண்டுவன

அரசும் கல்லூரியும் செய்ய வேண்டியவற்றைக் கூறினோம். நாம் செய்யக் கூடியவையும் உள.

ஒன்று: இடம் கிடைத்த நாளுக்கும் வகுப்புத் தொடங்கும் நாளுக்கும் இடையில், மூத்த மாணவர்களைக் கொண்டு புதியோர்க்குப் பயிற்சி முகாம் நடத்துவோம். மருத்துவ ஆங்கிலச் சொற்களும், கேள்வி கேட்கும் துணிவும் அங்கே பழக்கப்படல் வேண்டும்.

இரண்டு: கழகத்தில் ஒரு நூல் வங்கி அமைப்போம். படித்து முடித்தோர் தம் நூல்களையும் எலும்புத் தொகுதியையும் இளையோர்க்குக் கைமாற்றித் தருதல் வேண்டும்.

மூன்று: நம்மவருள் மருத்துவராய் உள்ள ஒவ்வொருவரும் ஒரு மாணவரையேனும் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை நலம் விசாரித்தல் வேண்டும். அவமதிப்பு நேர்ந்தால் அம்மாணவர் தனியே அழாமல், சொல்லி முறையிட ஒரு காது இருத்தல் வேண்டும்.

நான்கு: பெற்றோர்களே! பிள்ளை ஒரு பாடத்தில் தவறிவிட்டால் படிப்பை நிறுத்தாதீர்கள். துணைத்தேர்வு எழுதித் தேறியோர் பலர். படிக்கும் காலத்தில் ‘சம்பளம் எப்போது?’ என்று கேளாதீர்கள். பெண்ணாயின் திருமணப் பேச்செடுத்து அவள் மனத்தைக் கலைக்காதீர்கள்.

இளைஞர்களே! நாளை உங்களில் சிலர் பேராசிரியராய் வார்டில் நிற்பீர்கள். அன்று பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் மாணவன் எக்குலத்தவனாயினும் அவனை முன்னே அழையுங்கள். கட்டிலில் படுத்திருப்பவரிடம் அனுமதி கேட்டபின் அவர் உடலைத் தொடுங்கள். அவ்விரண்டும் நடைபெறும் கல்லூரியே நல்ல மருத்துவக் கல்லூரி.

 வளர்க நம் கழகம்! உயர்க நம் மாணவர்!