கல்லூரியில் முதல் ஆண்டு



ஒசூர் என்னும் ஊர்ப்பெயரை நாம் யாவரும் அறிவோம். 'ஹொஸ ஊரு' என்னும் கன்னடத் தொடரினின்றும் பிறந்த பெயர் அது. புது ஊர், அதாவது நம் வழக்கில் புதூர், என்பது அதன் பொருள். அந்த ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்த சிறுவர் ஒருவர், ஒசூர்ப் பள்ளியிலே பயின்று, பின்னர்ப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றார். அவரே இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலாக விளங்கிய இராஜாஜி.

ஒசூர் என்னும் பெயருடைய மற்றோர் ஊர் கர்நாடகத்தில் கௌரிபிதனூர் வட்டத்தில் உளது. அங்கே 1920-ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்த சிறுவர், பயணத்திற்குப் பொருள் இன்மையால் நடந்தே பெங்களூர் வந்து பள்ளியிற் சேர்ந்தார். அவரும் சென்ட்ரல் கல்லூரியிலே இயற்பியல் கற்றார். பிற்காலத்தில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகத் திகழ்ந்த எச். நரசிம்மய்யா அவர்களே அவர். இருவரும் புதூரிலிருந்து புறப்பட்டு, தமக்குப் புதிதான ஊருக்கு வந்தவர்கள். கல்லூரியில் முதல் ஆண்டு புகும் ஒவ்வொரு மாணவரும், உள்ளூரிலே பிறந்தவரேனும், அந்த வகையிற் புதூருக்கு வந்தவரே ஆவர்.

பள்ளியில் ஆசிரியர் நம்மைத் தேடி வந்து கேட்பார். கல்லூரியிலோ நாமே அவரைத் தேடிச் செல்லல் வேண்டும். பாடம் ஒரு மணிக்கு ஓர் அறையில் நடக்கும். எவரும் கைபிடித்து அழைத்துச் செல்லார். 75 விழுக்காடு வருகை இன்றேல் தேர்வு எழுத இயலாது என்பதைச் சிலர் ஆண்டின் இறுதியிலேதான் உணர்கின்றனர். வெளி மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கோ இவற்றோடு மற்றொரு கூச்சமும் சேர்ந்துகொள்கின்றது. நம்மவர் இருக்கும் வரிசையில் அமர்ந்து, நம் மொழியிலே பேசி, மணி அடித்ததும் வீடு திரும்புவது எளிதாகத் தோன்றுகின்றது.

அந்த எளிய வழியை என் மகளுக்கு நானே காட்டினேன். அது பிழை என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கின்றேன்.

1991-ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நீர்ப் பூசலையொட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்செயல்கள் நிகழ்ந்தன. அந்நாட்களில் எங்கள் குடும்பத்தைத் தம் இல்லத்தில் இருத்திக் காத்தவர், கன்னடம் பேசும் அண்டை வீட்டாரே. எனினும் அச்சம் என் நெஞ்சில் நின்றதுபோல் அந்நன்றி நிற்கவில்லை. மறு ஆண்டு மகள் கல்லூரியிற் சேர்ந்தபோது, "அம்மா, கல்லூரி விட்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிடு. பேருந்தில் தமிழ் பேசாதே. விழா, சங்கம் எதுவும் நமக்கு வேண்டாம்," என்றேன். மூன்று ஆண்டும் அவள் என் சொல்லைத் தட்டவில்லை. நல்ல மதிப்பெண்ணும் பெற்றாள். திருமணம் நிச்சயமானபோது, கல்லூரித் தோழியர்க்கு அழைப்பு அனுப்பலாமே என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "யாருக்கு அப்பா அனுப்புவது? நான் அங்கே படித்தேனே தவிர, அங்கே இருக்கவில்லையே," என்றாள். அதற்கு நான் சொல்லத்தக்க விடை ஒன்றும் இல்லை.

கல்லூரியில் 'இருத்தல்' என்பது யாது? 1928-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், சென்ட்ரல் கல்லூரியில் தென்னிந்திய அறிவியற் சங்கத்தின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர். சி. வி. இராமன், தாம் கண்ட புதிய ஒளிச்சிதறலை அன்று விரிவாக எடுத்துரைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. அக்கூட்டம் எந்தத் தேர்வுக்கும் உரிய பாடம் அன்று. நேரே வீடு திரும்பியவர்க்கு அது கிட்டியிராது. நாள்தோறும் ஓர் இராமன் வந்து பேசமாட்டார், மெய்தான். ஆயினும் எந்த மாலையில் எவர் வருவார் என்பதை முன்கூட்டி அறியவும் முடியாதன்றோ?

பேராசிரியர் நரசிம்மய்யா இதனை நன்கு உணர்ந்தவர். மாணவராய் இருக்கும்போதே 1942-ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திற் கலந்து படிப்பை இடைநிறுத்திச் சிறை சென்றவர். பின்பு திரும்பிவந்து படிப்பை முடித்தவர். பசவனகுடி நேஷனல் கல்லூரியிற் பணியாற்றியபோது 1962-இல் பெங்களூர் அறிவியல் மன்றத்தைத் தோற்றுவித்தார். மாணவரும் பொதுமக்களும் ஒருங்கே அமர்ந்து அறிஞர் உரை கேட்க அம்மன்றம் வாயில் திறந்தது.

ஆகவே முதலாண்டு மாணவர்க்கு நான் கூறுவன சிலவே. முதல் திங்களுக்குள் உங்கள் இருமருங்கும் அமர்வோரின் பெயரையும் ஊரையும் அறிந்துகொள்ளுங்கள். ஏதேனும் ஒரு சங்கத்தில் மட்டும் சேருங்கள். ஐந்தில் சேர்ந்து ஐந்தையும் கைவிடுவதினும் அது நன்று. எதில் சேர்வது என்று தெளியாதவர்க்கு நாட்டு நலப்பணித் திட்டம் ஏற்றது. காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய அத்திட்டத்தில், தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்வர். சேர்ந்து மண் சுமந்தவரிடையே கூச்சம் நெடுநாள் நில்லாது.

மூத்த மாணவர் அன்போடு பழகினால் அவரைப் போற்றுங்கள். பகடிவதை என்னும் பெயரால் எவரேனும் துன்புறுத்தினால், பொறுத்துக்கொள்வது பெருந்தன்மை அன்று. 1996-இல் தமிழகத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். மறு ஆண்டே அங்கு அதனைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. இன்று நாடெங்கும் அது குற்றம். ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

இனி, மொழி. கன்னடம் நமக்கு அயல்மொழி அன்று, உடன்பிறந்த மொழி. பால் அங்கே ஹாலு; பல் ஹல்லு; புலி ஹுலி; பத்து ஹத்து; போ என்பது ஹோகு. நம் பகரம் அங்கே ஹகரம் ஆகும் இவ்வொன்றை அறிந்தாலே பல சொற்கள் தாமே வாய்க்கு வரும். விடுதியில் ராகி முத்தெ இட்டால் முகம் சுளியாதீர்கள். தருமபுரியிலும் சேலத்திலும் நம் பாட்டிமார் கிளறிய கேழ்வரகுக் களியே அது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதி 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்றார். கன்னடம் கற்றால் தமிழ் தேயும் என்று அஞ்சற்க. அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் விளங்கும் தமிழ்ச் சங்கம் நமக்கு என்றும் உண்டு. அதன் அருகே, பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009-இல் திறக்கப்பட்டது. அவ்வாரமே சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. மூடிய திரைகள் அவ்வாறு இருபுறமும் விலகினாலன்றி நன்மை விளையாது.

பெங்களூர்ப் பேருந்தில் நெரிசல் மிகும்போது, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பர். சற்றே இடம் கொடுங்கள் என்பது கருத்து. சொன்னவர்க்கு இடம் தருவதோடு, நமக்கும் ஓர் இடம் உண்டு என்று நாமே சொல்லிக் கேட்கவும் வேண்டும். கல்லூரி வாழ்வில் இவ்விரண்டும் தேவை.

பெற்றோர்க்கு ஒரு சொல். உங்கள் அச்சம் அன்பிற் பிறந்ததே. ஆனால் அச்சத்தைப் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து அனுப்பாதீர்கள். அண்மையில் என் பேத்தி கல்லூரியிற் சேர்ந்தாள். முதல் நாட் காலை, வாயிற்படியில் என் மகள் அவளிடம் கூறியது என் செவியில் விழுந்தது: "மாலையில் நேரே வரவேண்டும் என்பதில்லை, கண்ணே. எங்கே இருப்பாய், யாரோடு இருப்பாய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ."

நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுவே.