திரையில் தங்கிவிடும் நிழலுரு

மூடிவிட்ட சாளரத்தின் எழுத்துகள் மடிக்கணினித் திரையில் மங்கலாகத் தொடர்ந்து தெரிவதும், நகரும் சுட்டியின் பின்னால் ஒரு தடம் இழுபட்டு வருவதும், ஓர் எழுத்தின் பக்கத்திலேயே அதன் இரட்டை தோன்றுவதும் நிழலுரு என்ற ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. பெயர் ஒன்றாயினும் இவை பிறக்கும் இடங்கள் வேறு வேறானவை. அந்த இடத்தைக் கண்டறியாமல் முதலில் திரையையே மாற்றிப் பார்ப்பது, நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இம்மூன்றில் இரட்டை உருவமே பழமையானது. ஆன்டெனா வழியே தொலைக்காட்சி பார்த்த காலத்தில், ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேரே வந்த அலையோடு, குன்றிலோ உயர்ந்த கட்டடத்திலோ பட்டுத் திரும்பிய அலையும் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்ததால், பார்ப்பவர் கண்ணுக்குச் செய்தி வாசிப்பவரின் வலப்பக்கத்தில் மங்கலாக இன்னொருவர் அமர்ந்திருந்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் வழக்கிலிருந்த ‘பால்’ ஒளிபரப்பு முறையில், ஒரு கிடைக்கோட்டின் படப்பகுதி 52 மைக்ரோ நொடிகளில், அதாவது நொடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் 52 பங்கில், வரையப்பட்டது. வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில் ஏறத்தாழ 300 மீட்டர் செல்வதால், நிழல் விலகி நிற்கும் தொலைவை அளந்தே, அலை எத்தனை மீட்டர் சுற்றி வந்தது என்று கணக்கிட முடிந்தது. மடிக்கணினிக்குள் படம் டிஜிட்டல் முறையில் செல்வதால் இத்தகைய நிழலுக்கு அங்கே இடமில்லை, வி.ஜி.ஏ. என்னும் பழைய வகைக் கேபிளால் புரொஜெக்டரை இணைக்கையில், கேபிள் மிக நீளமாகவோ தரம் குன்றியதாகவோ இருந்தால் அது மீண்டும் தலைகாட்டும். மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தால், அச்சிட்ட தாள் ஒன்றையும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அங்கும் இரட்டை தெரிந்தால் நாட வேண்டியவர் கண் மருத்துவர்.

அசையாமல் தங்கும் உருவத்தைப் புரிந்துகொள்ளத் திரவப் படிகத்தின் இயல்பை அறிய வேண்டும். திரவத்தைப்போல் ஓடும் தன்மையும், படிகத்தைப்போல் ஒழுங்குற நிற்கும் மூலக்கூறுகளும் உடைய இந்த இடைநிலைப் பொருளை, 1888-இல் பிராக் நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் முதலில் கவனித்தார். அவர் ஆராய்ந்த கொலஸ்டிரால் சேர்மம் ஒரு வெப்பநிலையில் கலங்கலாக உருகி, அதனினும் உயர்ந்த இன்னொரு வெப்பநிலையில்தான் தெளிவடைந்தது. எல்.சி.டி. திரையில் இப்பொருள் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய படலமாக இருக்க, ஒவ்வொரு பிக்சலிலும் செலுத்தப்படும் மின்னழுத்தம் மூலக்கூறுகளைத் திருப்பி, பின்னாலிருந்து வரும் ஒளியை வேண்டிய அளவு கடக்க விடுகிறது. அந்த மின்னழுத்தம் ஒரே திசையில் நீடித்தால், படலத்தில் கலந்துள்ள மாசு அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள், ஓரத்திலுள்ள பூச்சில் போய்ப் படிந்து தாமே ஒரு மின்புலத்தை உண்டாக்கிவிடும். இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு முறை படம் புதுப்பிக்கப்படும்போதும் மின்னழுத்தத்தின் திசை நேரும் எதிருமாக மாற்றப்படுகிறது. ஆயினும் இரு திசைகளின் அளவுகள் முற்றிலும் சமமாக அமையாவிட்டால் எச்சம் சேரும். மணிக்கணக்கில் அசையாமல் நின்ற பணிப்பட்டையும் சாளர விளிம்பும் அடுத்த படத்தின் அடியில் தெரியும். 2012-இல் வெளிவந்த ரெட்டினா திரை மேக்புக் ப்ரோ கணினிகளைப் பற்றி எழுந்த முறையீடுகள் இத்தகையவையே. திரை முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறத்தை நிரப்பினால் இந்த உரு நன்கு புலப்படும். இடைநிலை ஒளியளவில்தான் மின்னழுத்தத்தின் சிறு மாறுதலும் வெளிச்சத்தில் பெரிய வேறுபாடாக வெளிப்படுகிறது.

இழுபடும் தடமோ மூலக்கூறுகளின் சோம்பலால் விளைவது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. அதற்குள் பிக்சல் தன் நிறத்தை மாற்றி முடிக்காவிடில் பழைய படத்தின் சாயல் புதியதில் கலக்கிறது. குளிரில் திரவப் படிகம் பாகுத்தன்மை கூடித் தடிப்பதால், குளிரூட்டிய அறையில் இயக்கத் தொடங்கியவுடன் தடம் மிகுந்தும், திரை சூடேறிய பின் குறைந்தும் காணப்படலாம். இது பழுதன்று, அந்தத் திரையின் தரம்.

ஆய்வின் முதற்படி ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. அது கண்ணாடியில் தெரிவதைப் படம் பிடிப்பதில்லை, கணினியின் நினைவகத்தில் உருவான படத்தையே நகலெடுக்கிறது. ஆகவே அந்த நகலை வேறொரு கருவியில் திறந்து பார்க்கும்போது நிழலுரு அதிலும் இருந்தால், திரை குற்றமற்றது, மென்பொருளே பழைய படத்தை அழிக்கத் தவறியிருக்கிறது. நகல் தூய்மையாக இருந்தால், ஹெச்.டி.எம்.ஐ. கேபிளால் வெளித்திரை ஒன்றை இணைக்க வேண்டும்: அங்கும் நிழல் விழுந்தால் கிராபிக்ஸ் சில்லையோ அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ ஐயுறலாம், மடிக்கணினித் திரையில் மட்டும் விழுந்தால் திரையும் அதற்குச் செல்லும் கேபிளும் எஞ்சுகின்றன. அக்கேபிள் மூடியின் கீல் வழியாக வளைந்து செல்வதால், மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கையில் உருவம் மாறினாலோ நடுங்கினாலோ குறை கேபிளில் என்று கொள்ளலாம்.

இவ்வளவில் முடிவுக்கு வருபவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு, படம் மாறாதிருக்கும் வேளையில் கிராபிக்ஸ் சில்லை உறங்கவிட்டு, திரையே தன் சிறு நினைவகத்திலிருந்து கடைசிப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொள்ளும் ‘பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்’ என்னும் வசதி பல மடிக்கணினிகளில் உள்ளது. சில்லு விழித்தெழும்போது இரண்டும் ஒத்திசையத் தவறினால், பழைய படம் முழுதாகவோ துண்டாகவோ தங்கிவிடும். அப்போது ஸ்கிரீன்ஷாட்டும் தூய்மையாக இருக்கும், வெளித்திரையும் தூய்மையாக இருக்கும். மேற்சொன்ன விதிப்படி திரைக்கே தண்டனை கிடைக்கும். கிராபிக்ஸ் அமைப்புகளில் மின்சேமிப்புப் பகுதிக்குச் சென்று இவ்வசதியை நிறுத்தினாலே குறை நீங்கிவிடுவதுண்டு. பிரித்தறிய எளிய வழி, நிழல் தெரியும் நேரத்திலேயே கணினியை மறுபடி தொடங்கி, பயாஸ் என்னும் தொடக்க அமைப்புத் திரைக்குள் நுழைவது. இயங்குதளமும் அதன் டிரைவர்களும் இன்னும் ஏறாத அந்த நிலையிலும் முந்தைய படத்தின் சாயல் நின்றால், எச்சம் திரவப் படிகத்தில் இருக்கிறது. மறைந்துவிட்டால் மென்பொருளின் பக்கமே தேட வேண்டும்.

திரவப் படிகத்தில் சேர்ந்த எச்சம் பெரும்பாலும் தானே நீங்கும். திரையைச் சில மணி நேரம் அணைத்து வைப்பதோ, வெள்ளை நிறத்தை நிரப்பி விடுவதோ போதும். ஓ.எல்.இ.டி. திரைக்கு இது பொருந்தாது. அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தேய்வதால், நெடுநேரம் ஒரே உருவைக் காட்டிய பகுதி மங்கிப்போய் நிலையான வடுவாகிறது. அணைத்த திரையிலும் தெரியும் சதுரத் தடங்கள் நிழலுருவே அல்ல; மூடும்போது விசைகளில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டியவை, ஈரத்துணிக்குப் போய்விடும்.

எல்லாச் சோதனைகளுக்குப் பிறகும் திரையை மாற்றத்தான் வேண்டும் என்றால், அளவும் தெளிவுத்திறனும் ஒத்திருப்பது மட்டும் போதாது. கேபிள் செருகும் இணைப்பான் 30 முனை கொண்டதா, வேகமாகப் புதுப்பிக்கும் திரைகளிலும் தொடுதிரைகளிலும் பெரும்பாலும் காணப்படும் 40 முனை கொண்டதா என்பதை, பழைய திரையின் பின்புறச் சீட்டிலுள்ள மாதிரி எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்ல வேண்டும்.