நெடுங்காற் பூரானும் நாமும்



சென்ற விடுமுறையில் ஓரிரவு, எமது வீட்டுக் குளியலறைச் சுவரிலே நெடுங்காற் பூரான் ஒன்று விரைந்தோடக் கண்டோம். விளக்குமாற்றை எடுத்தோம், அடித்துக் கொன்றோம். அது செய்த பிழை யாது? கால்கள் மிகுதியாயிருந்தமை ஒன்றே!

பின்னர் நூல்களைப் புரட்டியபோது வெட்கினோம். இவ்வினத்தில் ஒன்றுக்கு லின்னேயசு என்னும் அறிஞர் 1758 ஆம் ஆண்டிலேயே பெயரிட்டுள்ளார். முட்டையிலிருந்து வெளிவரும்போது அதற்கு 4 சோடிக் கால்களே உண்டு. தோலுரித்து வளர வளர 15 சோடியாகின்றன. பகலில் ஈர இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் கரப்பானையும், கறையானையும், நம் புத்தகங்களை அரிக்கும் இராமபாணத்தையும் பிடித்துண்கிறது. அதன் நச்சுக்கொடுக்கு இரைக்கென்றே அமைந்தது. மனிதரைக் கடிப்பது மிக அரிது.

தட்டையுடல் கொண்ட மட்டத்தேள் வேறு. அது கடித்தால் கடுமையாக நோகும். அதனைவிட்டு விலகி நிற்றலே அறிவு. ஆனால், பல கால் உள்ளவற்றையெல்லாம் ஒரே தடியால் அடிப்பது அறிவாகுமா?

நண்பர்களே! அறியாமை அச்சத்தைப் பெறுகிறது. அச்சம் கொலையைப் பெறுகிறது. இனி, விளக்குமாற்றை எடுக்குமுன் விளக்கை எடுப்போம். நின்று பார்ப்போம், அதன் வழியே போக விடுவோம்.