முதல் குறையாத விழா



தை மாதம் நம் கீழப்பழுவூரில் இசை விழா நடத்தப் போகிறோம். யார் பாடுவது, யார் நாதஸ்வரம், வசூல் எவ்வளவு என்பதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் பேசிவிட்டார்கள். விழா முடிந்த மறுநாள் காலையில் இந்தத் திடல் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் பேசுகிறேன்.

இது பழுவேட்டரையர் ஆண்ட மண். ஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இங்கேதான் இருக்கிறது. பழுவேட்டரையர் வாழ்ந்த சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஒருவர் தருமம் செய்ய நினைத்தால், ஒரு குடம் நெய்யைக் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார். ஒரு விளக்குக்கு 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு என்று இடையர்களிடம் ஒப்படைப்பார். அந்த மந்தை தரும் நெய்யில் விளக்கு எரியும். கிழட்டு ஆடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை குறையவே கூடாது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். வருகிற பலனைச் செலவழிக்கலாம், முதலில் கை வைக்கக் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு விளக்குக்கே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்றால், ஒரு விழாவுக்கு நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

நம் விழாவின் முதல் எது? உண்டியலில் விழும் பணம் அல்ல. இந்தத் திடல், இதன் அடியில் இருக்கும் தண்ணீர், ஊர் தூங்கும் இரவு, தெற்கே கொள்ளிடம், பக்கத்தில் கரைவெட்டி ஏரி, இவைதான் முதல். இவை ஒரு பிடி கூடக் குறையாமல் இசை கேட்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் ஃபிளெக்ஸ் பேனர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நம் அரியலூர் மாவட்டத்தில் இதற்கு ஒரு தவறான சமாதானம் இருக்கிறது. "பிளாஸ்டிக்தானே, சிமெண்ட் ஆலைக்கு அனுப்பினால் சூளையில் போட்டு எரித்துவிடுவார்கள்" என்கிறோம். சுண்ணாம்புக்கல் பூமியில் இருப்பதால் இந்தப் பேச்சு நமக்கு இயல்பாக வருகிறது. சிமெண்ட் சூளையில் 1,450 டிகிரி வரை வெப்பம் ஏறும், நிலக்கரிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கழிவை அங்கே எரிக்கிறார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் சூளை கேட்பது பிரித்து, உலர்த்தி, துண்டு துண்டாக வெட்டிய கழிவு. சாம்பாரும் ரசமும் ஒட்டிய தட்டை அது ஏற்காது. ஃபிளெக்ஸையோ அது விரும்புவதே இல்லை. ஃபிளெக்ஸ் என்பது பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. குளோரின் கூடினால் சூளைக்குள் படிவு கட்டி, ஓட்டத்தையே அடைத்துவிடும். அதனால் அளவு வைத்துத்தான் எடுப்பார்கள். அப்படியானால் நம் ஃபிளெக்ஸ் எங்கே போகும்? குப்பைமேட்டில் தீ வைப்போம். அந்தப் புகையில் டையாக்சின் கிளம்பும், அமில வாயு கிளம்பும். விழாவுக்கு வந்த வித்துவானின் சிரித்த முகத்தை அச்சடித்து, அதையே எரித்து, அந்தப் புகையை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவருக்குச் செய்கிற மரியாதையா?

100 மைக்ரானுக்குக் கீழே உள்ள பி.வி.சி. பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. தடை இல்லாத கனமான பேனரும் நமக்கு வேண்டாம். துணியில் எழுதுங்கள். சுவரில் எழுதுங்கள். சுவர் எழுத்துக் கலைஞர்கள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். வருஷத்தைப் போடாமல் விழாப் பெயரை மட்டும் துணியில் எழுதினால் மடித்து வைத்து அடுத்த வருஷமும் கட்டலாம்.

அடுத்தது தண்ணீரும் சாப்பாடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, டீ கப், பந்தியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் தண்ணீர் பாட்டில் இல்லை. அதனால் பாட்டிலைச் சட்டம் நமக்காகத் தடுக்காது, நாம்தான் தடுக்க வேண்டும். இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்று உலகம் அறிந்த இசை விழா ஒன்று ஒரு பால்பண்ணை நிலத்தில் நடக்கிறது. பல லட்சம் பாட்டில் விற்றுக்கொண்டிருந்த அந்த விழாவில் 2019-இல் பிளாஸ்டிக் பாட்டில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். குழாய் வைத்தார்கள், வந்தவர்கள் தங்கள் குவளையில் பிடித்துக் குடித்தார்கள். அவர்கள் செய்கிற இன்னொன்று எனக்கு அதைவிடப் பிடிக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை விழாவையே நிறுத்தி, நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். 2018-இல் கொடுத்தார்கள், 2026-க்கும் அப்படியே அறிவித்தார்கள். தரிசு போட்டு நிலத்தைத் தேற்றுவது உங்களுக்குத் தெரியாததா?

நமக்கு வழி அதைவிட எளிது. தண்ணீர்ப் பந்தல் போடத் தெரிந்த ஊர் இது. மண்பானையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். டீக்குக் காகிதக் கப் என்று யாராவது சொன்னால், அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று சொல்லுங்கள். 100 மில்லி சூடான பானத்தை அந்தக் கப்பில் 15 நிமிடம் வைத்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் கலப்பதாக காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு 2020-இல் சொன்னது. பந்தியில் வாழை இலை போடுங்கள். இலை மாட்டுக்குப் போகும், மிச்சம் உரக்குழிக்குப் போகும். வாழை இலை மாதிரி அச்சடித்த பூச்சுக் காகிதம் மட்டும் வேண்டாம்.

இப்போது மைக் செட். அந்தத் தொழில் செய்யும் அண்ணன்மார் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் வரவில்லை. உங்கள் திறமையை வேறு விதமாகக் காட்டுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்தான். கூட உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். ஐம்பது பேரும் தொண்டையையும் கையையும் நம்பித்தான் அங்கே நின்றார்கள். அவ்வளவு பின்னால் போக வேண்டாம். நம் உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் இருந்தார். அடிவயிற்றிலிருந்து குரலெழுப்பிப் பாடும் கனமார்க்கத்தில் தேர்ந்ததால் வந்த பெயர் அது. உ.வே.சாமிநாதையரின் தந்தை அவரிடம் இசை படித்தவர். சாமிநாதையரும் சிறுவனாக அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தவர்தான். குரலைக் கேட்பதற்குக் காது கொடுத்த மாவட்டம் இது.

மைக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பேர் உட்காரும் திடலுக்கு மைக் வேண்டும். ஆனால் தெருத்தெருவாகக் கம்பத்தில் குழாய் கட்ட வேண்டாம். ஒலி தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். கடைசி வரிசைக்குக் கேட்கட்டும் என்று முன்வரிசையில் காதைப் பிளக்க வைப்பதைவிட, சின்னச் சின்ன ஸ்பீக்கரை நடுவிலும் பின்னாலும், கேட்பவர் பக்கம் திருப்பி வைத்தால் எல்லோருக்கும் இதமாகக் கேட்கும், ஊருக்குள் போகாது. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், படுக்கையில் கிடக்கும் பெரியவரும், நாளைக் காலை லாரி ஓட்டப் போகும் தம்பியும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

மனிதர்கள் மட்டுமா? கரைவெட்டி ஏரி, சுமார் 454 ஹெக்டேர். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரில் நிறைகிற ஏரி. 2024 ஜனவரியில் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்து உலகமே அறியும் நீர்நிலையாகிவிட்டது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்கும் காலமும் நம் மார்கழி, தை விழாக்காலமும் ஒன்றுதான். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட மக்கள் வெடி வெடிப்பதில்லை. எந்த அதிகாரியும் போய் மிரட்டவில்லை, அவர்களே எடுத்த முடிவு அது. நாமும் வாணவேடிக்கையை விட்டுவிடலாம். இசை விழாவுக்கு வெடி எதற்கு?

ஜெனரேட்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். பெரிய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து கால்வாசிச் சுமையில் ஓட்டுவதுதான் வழக்கம், டீசல் வீணாவதும் அங்கேதான். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். எல்.இ.டி. விளக்கு போடுங்கள். மின்தடைக்கென்று சின்ன ஜெனரேட்டர் ஒன்று ஓரமாக நிற்கட்டும்.

பந்தல் தென்னங்கீற்றில் வேயலாம். கீற்று என்றால் சில தாய்மார்களுக்குப் பயம் வரும். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோன பிறகு அந்தப் பயம் நியாயமானது. அதனால் நாலு பக்கமும் திறந்த பந்தல், குழாய்க்குள் ஓடும் வயர், பக்கத்திலேயே தண்ணீர் டேங்க், இவை இல்லாமல் கீற்றுப் பந்தல் கூடாது. அருணாசலப் பிரதேசத்தில் ஸீரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் ஓர் இசை விழா நடக்கிறது. அங்கே அபதானி மக்கள் தங்கள் மூங்கிலில் மேடை கட்டுகிறார்கள். உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கை. நம்மிடம் தென்னையும் இருக்கிறது, சவுக்கும் இருக்கிறது, பந்தல் போடும் கைகளும் இருக்கின்றன.

பெரிய விழாக்களைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள், புகையில் பெரும்பங்கு ரசிகர்கள் வந்து போகும் வண்டியால்தான் என்கிறார்கள். நாம் அரியலூர் தஞ்சாவூர் சாலையிலேயே இருக்கிறோம். திருமானூர், திருவையாறு போகிற பேருந்தெல்லாம் இங்கே நின்றுதான் போகிறது. கச்சேரியைக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்தால் பாதிப் பேர் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

இப்படியெல்லாம் செய்தால் விழா எடுப்பாக இருக்குமா என்று கேட்பீர்கள். கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவையாறு. தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும் நேரத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பெரிய வித்துவான்கள் மேடை அலங்காரம் ஏதுமின்றி எதிரெதிர் வரிசையில் தரையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். அந்த விழாவின் உச்சமே அதுதான். கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரைக்கு இளையராஜா இசைத்ததை நம் மாவட்டமே கேட்டது. இனி நம் பக்கம் இசை விழாக்கள் பெருகும். பெருகுவதற்கு முன்னால் ஓர் ஊர் வழியைப் போட்டுக் காட்ட வேண்டும், அது கீழப்பழுவூராக இருக்கட்டும்.

விழாக் குழுவிடம் ஒன்று கேட்கிறேன். வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது, எத்தனை லிட்டர் டீசல், எத்தனை மூட்டைக் குப்பை, அதில் உரத்துக்குப் போனது எவ்வளவு என்பதையும் இதே மேடையில் வாசியுங்கள். ஊராரிடம் இன்னொன்று கேட்கிறேன். வீட்டுக்கு ஒரு டம்ளர் கொண்டு வாருங்கள். டம்ளர் கழுவவும், பந்தியில் இலை எடுக்கவும், கடைசி நாள் இரவு திடலைக் கூட்டவும் ஆள் வேண்டும். அது துப்புரவுத் தொழிலாளர்கள் தலையில் மட்டும் விழக் கூடாது. கூட்டம் முடிந்ததும் நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள், பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.